வெண்ணெய்ப்பழ மரத்துக்கு ஜாமீன்

"உங்க மரத்துக்கு வெட்கமா, திமிரா?" என்று பக்கத்து வீட்டு தெமெத்ரியோ மாமா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கேட்டார். எங்கள் வெண்ணெய்ப்பழ மரத்தைத்தான் சொன்னார். பூத்துக் கொட்டும், ஒரு காய் நின்று நாங்கள் பார்த்ததில்லை. நான் சௌசௌ கொடிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். யார் என்ன கேட்டாலும் நான் அப்படித்தான்.

கொடி என்னுடையது. பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் நட்டது. அந்த மரத்தில் ஏறி, கிளை கிளையாகப் படர்ந்து, மாமா வீட்டுத் தகரக் கூரை வரை போய்விட்டது. மரம் போனால் கொடியும் போகும்.

எங்களோடு இருக்கும் ஒப்துலியா சித்திக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது. "இந்த நிழல்ல தக்காளி எப்படிப் பழுக்கும்? வர்ற அருளப்பர் திருநாளோட இதுக்கு முடிவு கட்டிடறேன்" என்றாள்.

காய்க்காத மரத்தை, ஜூன் மாதம் வரும் புனித அருளப்பர் திருநாள் விடியலில் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். ஒருவர் அரிவாளை ஓங்கி, வெட்டிவிடுவேன் என்று மிரட்டுவார். இன்னொருவர், விட்டுடுங்க, அடுத்த வருஷம் காய்க்கும் என்று மரத்துக்கு ஜாமீன் நிற்பார். ஜாமீன் இல்லாத மரத்தை நிஜமாகவே வெட்டிவிடலாம். எங்கள் வீட்டில் மிரட்டுவது எப்போதும் தெமெத்ரியோ மாமா, ஜாமீன் அம்மா. இந்த முறை அம்மா, அக்காவின் பிரசவத்துக்காகத் தலைநகர் சான் சால்வதோருக்குப் போயிருந்தாள்.

திருநாளுக்குச் சில நாள் முன்பு ஏணி வைத்து சௌசௌ பறித்தேன். கூரைப் பக்கக் கிளையில் ஒரு காயைப் பிடித்தால் கை வழுக்கியது. வரியும் இல்லை, முள்ளும் இல்லை. வெண்ணெய்ப்பழம்! அதே பச்சை நிறத்தில் சௌசௌவோடு சௌசௌவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெறும் காம்புகள், கத்தியால் நறுக்கியவை. கீழே மாமாவின் அடுப்படி ஜன்னலில் வழுவழுவென்று பெரிய கொட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

சித்தியிடம் ஓடினேன். "சித்தி, அந்த மரம்..."

"அந்தப் பேச்சை எடுக்காதே!"

எடுக்கவில்லை. என் செருப்பு அறுந்தால் தைத்துத் தருகிற மனிதரை எப்படித் திருடர் என்று சொல்வது?

திருநாளன்று மாமா அரிவாளோடு வந்தார். அதன் தட்டைப் பக்கத்தால் மரத்தைத் தட்டினார், கன்றுக்குட்டியைத் தட்டிக்கொடுப்பது போல.

"என்ன அண்ணே, தாலாட்டா பாடறீங்க? ஓங்கி ஒரு போடு போடுங்க!" என்றாள் சித்தி.

"பாவம் தங்கச்சி. இன்னும் ஒரு வருஷம் பாப்போமே."

"மிரட்ட வந்த ஆளே கெஞ்சினா எப்படி? ஜாமீன் நிக்க இங்க யாருமில்லே. வெட்டுங்க."

மாமாவுக்கு வேர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "ஏ பொண்ணே, வாயத் தொறயேன்! உன் கொடியும்ல போகுது!"

"அவளா? அவ கோழியக்கூட சத்தம் போட்டு வெரட்டமாட்டா." சித்தி அவர் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கி ஓங்கினாள்.

"வெட்டாதீங்க சித்தி!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "காய்க்கும்."

சித்தியின் கை அப்படியே நின்றது. "யாரு ஜாமீன்? நீயா?"

"மாமா."

"இவரா? இவருக்கு என்ன தெரியும்?"

"அவருக்குத்தான் தெரியும். எப்படிக் காய்க்கும்னு இப்பவே காட்டுவாரு பாருங்க."

மாமா என்னையே பார்த்தார். அவர் முகம் காது மடல் வரை சிவந்துபோனது. பிறகு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போனார்.

"மனுஷன் எங்க ஓடறாரு?" என்றாள் சித்தி.

அவர் கூடையோடு திரும்பி வந்தார். சோளத் தோகைக்குள் பழுக்க வைத்த வெண்ணெய்ப்பழங்கள், கூடை நிறைய. மேலே பாதி தின்ற பழம் ஒன்று. அதைக்கூட அவர் எடுத்து வைக்கவில்லை. கூடையைச் சித்தியின் காலடியில் இறக்கினார்.

சித்தி பழத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், அவர் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அடப்பாவி அண்ணே! எத்தனை வருஷமா?"

மாமா குனிந்து அரிவாளை எடுத்தார். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். வேலியைத் தாண்டிப் போனார்.