மாடி பஸ்

என் வீட்டுக்காரர் அன்புமணிக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். பெண் பார்க்க வந்தபோது தரகர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கார்டுகளைப் பற்றி மட்டும் அந்த ஆள் வாயே திறக்கவில்லை.

நான் சொல்வது பபுள்கம் பாக்கெட்டுக்குள் வரும் வழவழப்பான அட்டை. ஒரு பக்கம் படம், மறுபக்கம் ஒரு நம்பரும் இரண்டு வரி விவரமும் இருக்கும். கிரிக்கெட் ஆட்டக்காரர்கள், மல்யுத்தக்காரர்கள், மிருகங்கள், வண்டிகள் என்று வரிசை வரிசையாக வரும். பெங்களூரில் வேலை பார்த்த அவருடைய மாமா ஊருக்கு வரும்போதெல்லாம் பை நிறைய பபுள்கம் வாங்கி வருவாராம். கெலவரப்பள்ளிப் பக்கம் அவர்கள் ஊரில் வேறு எந்தப் பிள்ளையிடமும் கார்டு கிடையாது. ஒரே படம் இரண்டாக வந்தால் ஒன்றைக் கொடுத்து வேறொன்று வாங்கிக்கொள்வதுதான் இதில் விளையாட்டே. இவருக்கு மாற்றிக்கொள்ள ஆளே இல்லை. எல்லாம் அப்படியே சேர்ந்துகொண்டு போனது. நான் கல்யாணமாகி வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க அதுதான் இருந்தது, என் புடவைக்கு இடமில்லை.

போன தை மாதம் வேறு வாடகை வீட்டுக்கு மாறினோம். ஓசூரில் இப்போது இருக்கிற வாடகைக்கு, பழைய வீட்டில் பாதிதான் கிடைத்தது. "இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல உங்க கார்டு இருக்கணும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். எனக்குக் கோபம் வந்ததே அந்த யோசனையில்தான்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒவ்வொரு படத்திலும் ஒன்று ஆல்பத்தில் இருக்கலாம். மிச்சமிருக்கும் இரட்டைகள் எல்லாம் வீட்டை விட்டுப் போக வேண்டும். அவர் அதை 'டபுள்' என்பார்.

ஆனால் யாருக்குக் கொடுப்பது? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஒரு பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுல கேம் எங்க இருக்கு?" என்றான். மனிதர் அன்றைக்கு இரவு சரியாகச் சாப்பிடவில்லை. பழைய பேப்பர்காரரிடம் போட அவருக்கு மனசு வரவில்லை. நான் எனக்குத் தெரிந்த வழியில் செலவழித்தேன். மிளகாய்த்தூள் டப்பாவில் சிறுத்தையை ஒட்டினேன், உப்பு டப்பாவில் பனிக்கரடியை ஒட்டினேன். கட்டில் கால் ஆடியபோது ஒரு கிரிக்கெட் கேப்டனை மடித்து அடியில் வைத்தேன். அதற்கு மட்டும் அவர் என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். உள்ளே லைனில் நிற்கிற அம்மாக்கள் ஷிப்ட் முடிந்து வரும் வரைக்கும் பிள்ளைகள் எங்களிடம் இருப்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷையில் அழும். பிள்ளைக்கு ஒரு டோக்கன், அதே நம்பரில் அம்மாவுக்கு ஒரு டோக்கன். இரண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் பிள்ளையைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். மூன்று வயசுப் பிள்ளைக்கு நம்பரைப் பற்றி என்ன தெரியும்? பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் எனக்கு டபுள் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று ஒதுக்கிய அத்தனையும் ஜோடி ஜோடியாக இருந்தன. பிள்ளையின் சட்டையில் ஒரு முயலைக் குத்தி, அதே முயலை அம்மாவின் ஐடி கார்டு உறைக்குள் செருகிவிட்டேன். "உன் முயலோட அம்மா முயலு உள்ள வேலைக்குப் போயிருக்குது, சாயங்காலம் வந்துடும்" என்றால் எந்தப் பாஷைப் பிள்ளைக்கும் படத்தைக் காட்டிப் புரிய வைக்க முடிந்தது. முதல் நாள் அவசரத்தில் மல்யுத்தக்காரர்களையும் சேர்த்துக் குத்திவிட்டேன். "எம் பையன் நெஞ்சுல ஜட்டி போட்ட தடியன வெச்சிருக்கீங்களேக்கா" என்று ஒரு பெண் வருத்தப்பட்டாள். மறுநாளே தடியர்களை எடுத்துவிட்டு மாடும் மானும் லாரியும் வைத்தேன். பிள்ளைகளின் அழுகை பாதியாகக் குறைந்தது. அன்புமணியிடம் சொன்னபோது, "எது எதுக்கு எந்தப் படம் குடுத்த?" என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

காவேரி அந்தச் சமயத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஊர். இங்கே மத்திகிரியில் ஒற்றை அறை எடுத்து, மகள் பிரியதர்ஷினியோடு தங்கியிருந்தாள். தர்ஷினி மூன்று வயசுக் குட்டி. அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்தால் கையை விரித்து எடுக்க இரண்டு ஆள் வேண்டும். பிள்ளைகளுக்கு யானை என்றால் உயிர் என்று நினைத்து, எல்லோரும் ஆசைப்பட்டும் கொடுக்காமல் வைத்திருந்த யானைப் படத்தை எடுத்து அவள் சட்டையில் குத்தினேன்.

குழந்தை குனிந்து பார்த்தது. பிறகு போட்ட சத்தத்தில் வாசல் செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டார். சட்டையைப் பிய்த்துக்கொண்டு, மூச்சு விட முடியாமல் நீலம் பாய்ந்து, என் மேலேயே வாந்தி எடுத்தது. லைனிலிருந்து காவேரியைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அவள் வந்து அந்த அட்டையைப் பார்த்ததும் படபடவென்று பிய்த்துக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எங்கூட்டுக்கு ஆனை வந்துட்டுதுக்கா" என்றாள். "உள்ள ராகி மூட்டை இருந்துது. வாசம் புடிச்சி செவுத்த இடிச்சிட்டுது. பாப்பா அந்தச் செவுத்தோரமா படுத்திருந்தா. நான் வெளிய ஆட்டுப்பட்டிக்குப் போயிருந்தேன். அதுல இருந்து என்னை வுட மாட்டேங்கறா."

தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்று தெரிந்தும் யானையைக் குத்தியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

காவேரியின் புருஷன் பெருமாள் ஊரிலேயே இருந்து ராகிக் காட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவான். காவேரிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, பயிற்சியில்தான் இருந்தாள். அதன் பிறகும் தர்ஷினி யானையில்லாமலே தினமும் அழுதாள், காவேரியைத் தினமும் லைனிலிருந்து கூப்பிட்டோம். சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி ஒரு தடவை லைனை விட்டுப் போனால் அவளை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை போனால் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு அந்த இடிந்த சுவர் வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். "அந்தூட்டுல பாப்பா தூங்கவே மாட்டாக்கா" என்று மட்டும்தான் என்னிடம் சொன்னாள்.

வேறு எந்தப் படத்தைக் கொடுத்தாலும் தர்ஷினி தள்ளிவிட்டாள். வீட்டில் போய், "உங்க ஆனையால ஒருத்தி பொழப்பு போவப்போவுது" என்று அன்புமணியிடம் கத்தினேன். யானையைக் குத்தியது நான், ஆனாலும் கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. மறுநாள் அவருக்கு வார விடுமுறை. காலையில் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டவர், பையிலிருந்து ஆல்பத்தை எடுத்தார்.

"இது எதுக்குங்க? இதுதான் வீட்டுல இருக்கப் போறதுன்னு பேசினோமே."

"குடுக்க இல்ல சரிதா. பாப்பா பாத்துட்டு, புடிச்சதக் காட்டட்டும். அப்புறம் அதோட டபுள எடுத்துக்கலாம்."

ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்பதால் வராந்தாவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காவேரி தர்ஷினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஷிப்ட் தொடங்கப் போகிறது, கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் பஞ்ச் அடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். காவேரியின் முகத்தைப் பார்த்தால் இரவெல்லாம் தூங்காதது தெரிந்தது.

அன்புமணி குழந்தையைக் கூப்பிடவில்லை. தன்பாட்டுக்கு ஆல்பத்தைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். யானை இருந்த தாளை மட்டும் முன்பே கழற்றி எடுத்திருந்தார். தர்ஷினி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். வண்டிகள் வந்தன. ரயில், டிராக்டர், தீயணைப்பு வண்டி. கடைசித் தாளில் சிவப்பாக ஒரு மாடி பஸ் இருந்தது. குழந்தை இடுப்பிலிருந்து சரிந்து கீழே இறங்கி, அதன் மேல் விரலை வைத்தது.

"பஸ்ஸு" என்றாள். அவள் அழாமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஆனை வந்த மறுநாளு விடிகாலைல மொதப் பஸ்ஸுல கெளம்பி வந்துட்டோம்ணா" என்று காவேரி அன்புமணியிடம் சொன்னாள். "பஸ்ஸுல ஏறி உக்காந்தப்பறந்தான் பாப்பா தூங்கினா."

அந்த பஸ்ஸுக்கு டபுள் கிடையாது. வண்டி வரிசையில் கடைசி நம்பர் அது. சின்ன வயசில் எத்தனை பபுள்கம் பிரித்தும் அது வரவே இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் பழைய பொருள் விற்கிற சந்தையில் வெயிலில் அலைந்து தேடி எடுத்து வந்தார். அதைச் செருகிய பிறகுதான் அந்த வரிசை முழுசானது. அன்றைக்குப் பிள்ளை பிறந்ததுபோல எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

"வேற படம் காட்டலாங்க" என்றேன். கட்டில் காலுக்குக் கேப்டனை முட்டுக்கொடுத்த நான்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் அட்டையை உறையிலிருந்து உருவிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். சைரன் ஊதியது. காவேரி வாசலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது.

"கத்திரிக்கோல் குடு" என்றார்.

"ஏங்க..."

"ஒண்ணுதான் இருக்குது. ஆளு ரெண்டு பேரு. குடு."

மேல்மாடி ஜன்னல் வரிசைக்கும் கீழ் ஜன்னல் வரிசைக்கும் நடுவில் வெட்டினார். கம்பெனியில் உதிரிபாகத்துக்கு அளவு பார்க்கிற வேலைக்காரர் அல்லவா, கோடு போடாமலே நேராக வந்தது. வெட்டும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. சக்கரமும் டிரைவர் சீட்டும் இருந்த கீழ்ப்பாதியைக் காவேரியிடம் கொடுத்தார். மேல்பாதியைத் தர்ஷினியின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"சக்கரம் அம்மாகிட்ட இருக்குது. மாடியில நீ உக்காந்திருக்கற. மாடிய வுட்டுட்டு பஸ்ஸு எங்கியும் போவாது கண்ணு. உள்ள ஒரு சுத்து சுத்திட்டு நேரா இங்கதான் வந்து நிக்கும்."

காவேரி அதையே கன்னடம் கலந்து ஒரு தடவை சொன்னாள். கீழ்ப்பாதியை ஐடி கார்டு உறைக்குள் வைத்து, குழந்தைக்குத் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டாள். தர்ஷினி உதட்டைப் பிதுக்கினாள். இதோ ஆரம்பம் என்று நான் வரிந்துகட்டி நின்றேன். அவள் கையைத் திறந்து மாடியைப் பார்த்தாள், அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள், துப்பட்டாவை விட்டாள். காவேரி ஓட்டமாக ஓடினாள்.

தர்ஷினி அன்றைக்கும் அழுதாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் காவேரியைக் கூப்பிடுகிற அளவுக்கு இல்லை. அழுகை வரும்போதெல்லாம் மாடியைத் தரையில் வைத்து, "பஸ்ஸு வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து காவேரி வந்ததும் இருவரும் தரையில் உட்கார்ந்து இரண்டு பாதியையும் சேர்த்து வைத்தார்கள். வெட்டின இடம் தெரியாமல் பொருந்தியது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "நல்லாப் பொருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, அவர் கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. ராத்திரி அவருக்குப் பிடித்த புளிச்சாறும் களியும் செய்து போட்டேன்.

அதற்கப்புறம் காவேரி ஒரு நாளும் லைனை விட்டு வரவில்லை. பயிற்சிக் காலம் முடிந்து, அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சாயங்காலம் அன்புமணி என்னைக் கூட்டிப்போக வந்து வராந்தாவில் நின்றிருந்தார். தர்ஷினி வழக்கம்போல இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தாள். பிறகு மாடியை எடுத்து அம்மாவின் உறைக்குள் திணித்துவிட்டு, சக்கரம் இருந்த பாதியைத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீ மேல உக்காரு" என்றாள் அம்மாவிடம். "நான் ஓட்டறேன்."

அன்புமணி அதைக் கேட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் தர்ஷினி உள்ளே நுழைந்ததும் நேராகப் பிள்ளைகள் நடுவில் போய், பாதி பஸ்ஸைத் தரையில் வைத்து ஓட்ட ஆரம்பித்தாள். முயல் பிள்ளையும் லாரிப் பிள்ளையும் வழி விட்டார்கள். காவேரி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். மகள் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு தடவையாவது தன்னைத் தேடுவாள் என்று நினைத்தாளோ என்னவோ, கழுத்தில் கிடந்த உறையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"போ காவேரி, நேரமாவுது" என்றேன்.

"போறேன்க்கா" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.