கிளாறுஸ் ஊர்க் கோயில்

பெர்னடெற் காரிலிருந்து இறங்கி, கதவைச் சாத்தாமல் நின்றாள்.

"வாறீங்களோ, இல்லையோ?"

"நீர் போம். நான் பிள்ளையோட இருக்கிறன்" என்றான் லக்‌ஷன்.

அவள் மழைக்குள் ஓடினாள். மோர்டன் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் ஞானஸ்நான ஆயத்தக் கூட்டம். தாய் தகப்பன் இருவரும் வரவேண்டும் என்று பாதர் சொல்லியிருந்தார். மகள் தக்ஷிகாவைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ப்பது பற்றித்தான் பேச்சுத் தொடங்கியது. "பள்ளிக்கூடத்துக்காக மட்டுமில்லை, எனக்கு வேணும்" என்று பெர்னடெற் சொன்ன நாளிலிருந்து அது சண்டையாகிவிட்டது. லக்‌ஷன் சைவக் குடும்பத்துப் பிள்ளை. தன் மகள் தனக்குத் தெரியாத ஒரு வாசலால் உள்ளே போய்விடுவாள் என்ற பயத்தை அவனால் மனைவிக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபமாகத்தான் வந்தது.

பின் இருக்கையில், தூங்கும் பேத்தியின் தலையைக் கையில் தாங்கியபடி மாமனார் கிறிஸ்துராஜா இருந்தார். மன்னார்க்காரர். மகள் சைவப் பொடியனைக் கட்டுகிறாள் என்று கலியாணத்துக்கே வராதவர். பேத்தி பிறந்தபின் கிழமைக்கொருதரம் அவர்களுடைய ஸ்ட்ரெதம் வீட்டுக்கு வருவார், "சுகமோ?" என்று கேட்டுவிட்டு டிவியைப் பார்ப்பார். மாமனும் மருமகனும் இப்படித் தனியே இருந்ததேயில்லை. கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"நீர் வளந்த சுவிஸில" என்றார் திடீரென்று, "எல்லாரும் வேதக்காரர்தானே?"

"வேதக்காரர்தான் மாமா. ஆனா ரெண்டு பகுதி. கத்தோலிக்கரும் மற்ற ஆக்களும். எத்தினையோ தரம் சண்டை பிடிச்சவை. கடைசிச் சண்டை நூற்றெழுபது, நூற்றெண்பது வருசத்துக்கு முந்தி. ஒரு மாசத்துக்குள்ள முடிஞ்சுது."

"ஒரு மாசமோ?" அவர் பெருமூச்சு விட்டார். இருவரும் ஒரே தீவின் நெடுங்காலச் சண்டையை நினைத்தார்கள்.

"நான் படிச்சது கிளாறுஸ் எண்ட ஊரில. அங்க ரெண்டு பகுதிக்கும் ஒரே கோயில். உங்கட ஆக்கள் பூசை முடிச்சு வர, மற்ற ஆக்கள் உள்ள போவினம்."

"சண்டை வரேல்லையோ?"

"வராமல் இருக்குமோ? பிறகு ஊரே எரிஞ்சு போச்சு, கோயிலும்தான். திரும்பக் கட்டேக்கை ஆளுக்கொண்டு கட்டியிருக்கலாம். அப்பவும் ஒண்டாத்தான் கட்டினவை."

"இப்பவும் அப்பிடியோ?"

"இல்லை. கத்தோலிக்கர் தங்களுக்கு வேறயாக் கட்டிப் போட்டினம். வசதி வந்திட்டுதுதானே."

கிறிஸ்துராஜா சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து லக்‌ஷன் பார்த்ததில்லை. அந்தத் துணிவில்தானோ என்னவோ, மனைவியிடம் சொல்லாததை அவன் சொன்னான்.

"சமய பாடத்துக்கு வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சு போகும். நான் ஒண்டிலயும் இல்லை. வெளிய கிடக்கிற மர வாங்கில தனிய இருப்பன். இப்ப பிள்ளையும் உள்ள போயிட்டா, நான் திரும்பவும் வெளியதான், மாமா."

கிழவர் பேத்தியின் தலையை மெல்ல மற்றக் கைக்கு மாற்றினார்.

"உம்மட கலியாணத்தண்டு நான் வந்தனான்" என்றார் கிறிஸ்துராஜா. "மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம், பஸ் ஸ்டாப்பில நிண்டனான். மேளச் சத்தம் கேட்டது. ரோட்டைக் கடக்க ஏலாமல் போச்சு. உம்மட மாமி றோஸ்மலருக்குக்கூடச் சொல்லேல்லை."

லக்‌ஷன் திரும்பிப் பார்த்தான். கிழவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தக்ஷிகா விழித்தாள். "அப்பா, பாத்றூம்."

"அம்மா வரட்டும் குஞ்சு."

"இப்ப!"

வேறு வழியில்லை. லக்‌ஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினான். கிறிஸ்துராஜா தான் நனைந்துகொண்டு அவர்களுக்குக் குடை பிடித்தார்.

பாத்றூமிலிருந்து வெளியே வரும்போது மண்டபத்தின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெர்னடெற் தெரிந்தாள். மற்றவர்கள் சோடி சோடியாக இருந்தார்கள். அவள் பக்கத்துக் கதிரையில் அவளுடைய ஈரக் கோட்டு மட்டும் கிடந்தது. பிள்ளையைக் கண்டதும் அவள் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூப்பிடவில்லை.

"நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை, மாமா."

"ஆர் கேட்டது?" என்றார் கிறிஸ்துராஜா. பாரமான அந்தக் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மடக்கிய குடையிலிருந்து வழிந்த தண்ணீர் வாசலின் இரண்டு பக்கமும் பரவிக்கொண்டிருந்தது.