அனீசியாவின் தோட்டாக்கள்

...இந்தக் கைத்துப்பாக்கிக்கு எடையே இல்லை, அதுதான் இதன் கெட்ட குணம், மார்புப் பட்டையில் மாட்டினால் ஒரு ஆப்பிள் தொங்குகிற மாதிரிதான், மறந்தே போகலாம், என் மனைவி அனீசியா மறந்திருக்கிறாள், ஒருமுறை இதை மாட்டியபடியே கடைக்குப் போய் வெண்ணெய் வாங்கி வந்தாள், யாரும் கேட்கவில்லை, கரடிகள் திரியும் இந்தக் கோடியாக் தீவில் யார் கேட்கப் போகிறார்கள், வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற கிழவரும் ஒன்று மாட்டியிருந்தாராம். சுமப்பது சுகம். சுடுவதுதான் கஷ்டம். இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான குழல், சுண்டுவிரல் நுழைகிற வாய், இறகு எடை, அதில் கரடியை நிறுத்துகிற தோட்டாவைப் போட்டால் அந்த உதையை யார் வாங்குவது, வாங்க இரும்பு இல்லை, கைதான் வாங்கும். போன வாரம் மச்சான் கென்டியின் துப்பாக்கியில் வாங்கியது இன்னும் கட்டைவிரலடியில் மஞ்சளாக இருக்கிறது. தேர்வில் இரண்டு முறை தோற்றேன். விசையை இழுக்கும் முன்பே கை பயந்துவிடுகிறது, குழல் தரையைப் பார்க்கிறது. இன்று மூன்றாவது முறை, அதோடு சரி. தேறினால் நாளைக் காலை மிதவை விமானத்தில் ஆற்றுக்குப் போய், ஆகஸ்ட் வரை இடுப்பளவு நீரில் நின்று மீன் எண்ணலாம், இரு கையிலும் வேலை இருக்கும், நீள் துப்பாக்கி கரையில் கிடந்து பயனில்லை, ஆகவே மார்பில் இது, ஆகவே இந்தத் தேர்வு. தேறாவிட்டால் கோடை முழுவதும் அலுவலகம், மாலையில் வீடு. வீட்டில் இரண்டு பல் துலக்கிகள் இருக்கின்றன. பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அனீசியா விழுந்தாள், தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து, செவ்வாய்க்கிழமை, முப்பத்தோரு வயது. ஆறு கோடை கரடிகளுக்கு நடுவில் நின்றவள். பதினொரு மாதம் ஆகிறது. அழுகை வரவில்லை. எல்லோரும் மீன் பணியாரமும் வறுத்த ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள், தின்றேன், பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

மழை விட்டிருக்கிறது, ஸ்புரூஸ் மரங்களிலிருந்து இன்னும் சொட்டுகிறது, கென்டி தன் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து காபி குடிக்கிறான், கழுத்தில் விசில். அனீசியாவின் அண்ணன். எங்கள் மீன்வள இலாகாவில் துப்பாக்கித் தேர்வு வைப்பவன் அவன்தான், தங்கை புருஷன் என்று ஒரு புள்ளி கூட்டிப் போடமாட்டான், இரண்டு முறை என்னைத் தோற்கடித்துவிட்டு இரண்டு முறையும் பீர் வாங்கிக் கொடுத்தான். "மாப்ள, இன்னிக்கும் கண்ண மூடிக்கிட்டுதான் சுடப் போறியா? இப்பவே சொல்லிடு, நான் மரத்துக்குப் பின்னால போய் நின்னுக்கறேன்." நீ மட்டும் திறந்துகிட்டா சுடுற மச்சான், என்றேன். "நான் தேர்வு வைக்கிறவன்டா, எனக்கு எதுக்குக் கண்ணு?" அப்புறம் என் மார்பிலிருந்த துப்பாக்கி உறையைப் பார்த்தான், காபியைக் கீழே வைத்தான். "தங்கச்சியோடதா?" ம். "அவ கையில அது அசையவே அசையாதுடா. ஆறு வருஷம் பக்கத்துல நின்னு பாத்தேன். டீ ஊத்துற மாதிரி சுடுவா. சுட்டு முடிச்சுட்டு என் பக்கம் திரும்பி, 'அண்ணா, உனக்கு இதெல்லாம் சரிப்படாது, நீ மீன் டப்பா ஃபேக்டரிக்கு வேலைக்குப் போ'ம்பா." அவளைப் போலவே உதட்டைச் சுழித்துக் காட்டினான். அதனால்தானே நானும் இதை எடுத்துவந்தேன், வேறென்ன, அவள் கையில் அசையாதது என் கையிலும் கொஞ்சம் கருணை காட்டாதா என்று, அவள் மேஜை இழுப்பறையிலிருந்து துப்பாக்கியும், அதன் பக்கத்திலேயே இருந்த சிவப்புப் பெட்டியும், பெட்டி மேல் வாய் பிளந்த கரடிப் படம், உள்ளே தோட்டாக்கள், காலையில் ஐந்தை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன், பார்க்கக்கூட இல்லை, பெட்டியில் கரடி இருக்கும்போது உள்ளே யார் பார்ப்பார்கள்?

காதடைப்பு. கோட்டில் நின்றேன். கம்பியில் ஓடும் பலகை, அதில் தட்டு அளவு வட்டம், விசில் ஊதினால் பதினைந்து தப்படித் தொலைவிலிருந்து என்னைப் பார்த்து ஓடிவரும், வந்து சேர்வதற்குள் ஐந்து குண்டு, குறைந்தது நான்கு வட்டத்துக்குள் விழ வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டேன், கட்டைவிரல் முன்கூட்டியே வலித்தது, விசில், எடுத்தேன், இழுத்தேன்... டப். அவ்வளவுதான். யாரோ புத்தகத்தைக் கீழே போட்ட மாதிரி. கை இருந்த இடத்திலேயே இருந்தது. டப், டப், என்ன இது, டப், இவ்வளவுதானா, டப். பலகை என் முன்னால் வந்து நின்றது, வட்டத்துக்குள் ஐந்து ஓட்டை, ஒரு கையால் மூடிவிடலாம். கென்டி பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், துப்பாக்கியைப் பார்த்தான். "திற." உருளையைத் திறந்து காலிக் கூடுகளைத் தட்டினேன், ஒன்றை எடுத்துத் தன் பையிலிருந்த ஒரு கரடித் தோட்டாக் கூட்டோடு உள்ளங்கையில் நிறுத்தினான். என்னுடையது குட்டை. அரை அரிசி அளவு குட்டை, பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஒரே வாய்க்குள் இரண்டும் போகும், ஆனால் குட்டையில் மருந்து பாதிகூட இருக்காது, தகர டப்பாக்களைச் சுட்டு விளையாட வாங்குவார்கள். "இது என்னது மாப்ள?" தோட்டா, என்றேன். "இது தோட்டா இல்லடா. கொட்டாவி."

முதலில் எனக்குப் புரியவில்லை, அவனுக்குப் புரிந்துவிட்டது, அவன் முகத்தில் அது மெதுவாக ஏறுவதைப் பார்த்தேன், புருவம், கண், பிறகு வாய். "ஆறு வருஷம்!" என்றான். "ஆறு வருஷம் என்ன ஃபேக்டரிக்குப் போன்னா! கொட்டாவிய வெச்சுக்கிட்டு! இலாகா ஏட்டுல எழுதியிருக்கேன்டா, என் கையால, 'மிகச் சிறப்பு'ன்னு, மத்தவங்ககிட்ட எல்லாம் காட்டியிருக்கேன், பாருங்கய்யா என் தங்கச்சியன்னு..." மேலே பேச முடியவில்லை, சரளைக் கல்லில் உட்கார்ந்துவிட்டான், தோள் குலுங்கியது, திருடி, திருடி என்று தொடையில் அடித்துக்கொண்டான், யாரோ இன்னொருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம், யார் என்று திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை, நான்தான். நிறுத்தவும் முடியவில்லை. அவள் இழுப்பறை முன் குனிந்து, குட்டைத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கரடிப் பெட்டிக்கு மாற்றி, மூடியை அழுத்தி... எப்போது செய்தாள், நான் எங்கே இருந்தேன், பக்கத்து அறையிலா, அன்று இரவு சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்து என்ன பேசினாள்? என்னையும் அல்லவா கேலி செய்வாள், உன் மணிக்கட்டு வெண்ணெய் என்பாளே!

"செல்லாது," என்றான் கென்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே. அதுதான் கென்டி. "பெரிசு போட்டுச் சுடு. அஞ்சு தர்றேன். இன்னிக்கு ஒரு தடவதான், தோட்டாவப் பாக்காம நான் விசில் ஊதினது என் தப்பு, அதனால முன்ன சுட்டது கணக்குல வராது." அவன் கொடுத்த தோட்டாக்கள் முழுதாக உள்ளே போகவில்லை, நுனியில் முட்டி நின்றன. விளக்கடித்துப் பார்த்தான். உருளையின் ஒவ்வொரு வாய்க்குள்ளும் குட்டைகள் விட்டுப்போன கரி வளையம், வருடக்கணக்கில் இறுகியது. "பாத்தியா, பெரிசு போட்டதே இல்ல அவ." ஆற்றிலுமா, என்றேன். அவன் செம்புத் தூரிகையால் தேய்க்க ஆரம்பித்தான், நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றிலுமா? இருபது தப்படியில் தாய்க்கரடி குட்டிகளோடு மீன் பிடிக்கும்போது, நீ நெஞ்சில் கொட்டாவியோடு நின்றாயா, பைத்தியமா உனக்கு, பயமாகவே இல்லையா, இல்லை இதன் உதைதான் கரடியைவிடப் பயமா, அதைச் சொன்னால் என்ன, சிரித்திருப்பேன், ஒரு வாரம் சிரித்திருப்பேன், அவ்வளவுதானே... விசில் ஊதியதுகூட இதன் நடுவில்தான் கேட்டது. பொய்க்காரி, என்றேன், முதல் குண்டு, வானமே கையில் மோதியது, தோள் வரை ஏறியது, புகை, ஆறு வருஷம், இரண்டாவது, எதிரே உட்கார்ந்து சூப் குடித்தாய், மூன்றாவது, வெண்ணெய் மணிக்கட்டா எனக்கு, நான்காவது, இப்போது பார், ஐந்தாவது. பலகை நின்றது. கை பயப்பட மறந்துபோயிருந்தது. உள்ளே நான்கு, ஐந்தாவது வட்டத்தின் விளிம்புக்கு வெளியே, பலகையில். கென்டி விரலை வைத்து எண்ணினான், இரண்டாம் முறையும் எண்ணினான். "போ," என்றான், "போய்த் தொலை, நாளைக்கு ஏழு மணிக்கு விமானம்." படிவத்தில் தேறியதாகக் குறித்து அவனே என் சட்டைப் பையில் செருகினான், செருகிவிட்டு அந்தப் பை மேல் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், வைப்பர் அசைந்தது, நான் இன்னும் அவளோடு சண்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறேன், சத்தமாக, கையை ஆட்டிக்கொண்டு, கண்ணாடி வழியே கென்டி பார்க்கிறான், பார்க்கட்டும். இந்தப் பதினொரு மாதமும் அவளிடம் கேட்காமல் இல்லை, படகை விற்கட்டுமா, சாம்பல் நிறச் சட்டை எங்கே, கேட்ட உடனே பதில் வந்துவிடும், அவள் குரலிலேயே, அவள் ஏற்கெனவே எப்போதோ சொன்ன பதில், வார்த்தை மாறாமல், பிறகு வீடு இன்னும் அமைதியாகும். இப்போது கேட்கிறேன், சொல், ஆற்றில் எதைப் போட்டிருந்தாய், என்னிடம் ஏன் சொல்லவில்லை, சொல்வதாக இருந்தாயா இல்லையா? இஞ்சினை அணைத்தேன். மரத்திலிருந்து கூரையில் சொட்டுகிறது. கை விண்விண் என்று வலிக்கிறது, நல்ல வலி. பதில் வரவில்லை, எனக்கும் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை... யோசிக்கிறாள் போல.