பெரியப்பா கனைத்த இசைத்தட்டு

நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா இறந்ததும், பல் டாக்டருக்கு வந்து சேர்ந்தது ஒரே ஓர் இசைத்தட்டு. குடும்பத்தில் ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்தவள் அவள் மட்டும்தான். உறையில் எழுத்தில்லை, நடுவில் ஒட்டிய தாளிலும் பெயரில்லை.

ஊசியை வைத்ததும் முதலில் ஒரு தொண்டைக் கனைப்பு. பிறகு பெரியப்பாவின் குரல்: "தப்பு என்மேலதான். மன்னிச்சிடு." மறுபடி கனைப்பு. மறுபடி அதே பேச்சு. கடைசிவரை அதேதான்.

பல் டாக்டருக்குத் தலை சுற்றியது. எழுதிய தீர்ப்பில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாத மனிதர் அவர். மன்னிப்பெல்லாம் மற்றவர்கள் அவரிடம் கேட்பது.

"காதல் விவகாரம்தான். மனுஷன் கல்யாணமே பண்ணிக்கல, பாத்தியா?" என்று அவள் கணவன் கண் சிமிட்டினான்.

"உங்களுக்கு எல்லாமே காதல் விவகாரம்தான். பக்கத்து வீட்டு கேட் துருப்பிடிச்சதுக்கும் அதையேதான் சொன்னீங்க."

பழைய ரெக்கார்டு விற்கும் கடைக்காரர் தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இது விற்பனைக்கு வந்ததே இல்லம்மா. ஸ்டூடியோவுல ஒரே ஒரு பிரதி வெட்டியிருக்காங்க. ரொம்ப அபூர்வம். ஆனா பொண்டாட்டிகிட்ட மாட்டிக்கிட்டவன்தான் வாங்குவான்." ஓரத்தில் கீறியிருந்த குட்டி மீனைக் காட்டினார். "இப்படி மீன் போடுறவர் ஒருத்தர்தான். ரெண்டு தெரு தள்ளி இருக்காரு."

கணவனோடு போய்ப் பல் டாக்டர் என்று சொல்லிக்கொண்டதுமே, தட்டில் மீன் கீறும் அந்தப் பெரியவர் எச்சரித்தார். "டாக்டரா? என் வாயில பாக்க ஒண்ணும் மிச்சமில்ல." தட்டைக் கேட்டதும் பொக்கை வாய் தெரியச் சிரித்தார். "அட, ஜட்ஜ் ஐயா! கிளிக்காகப் பண்ணினது!"

காதலியின் செல்லப்பெயர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கணவன் மனைவியைப் பார்த்தான்.

"பச்சைக் கிளிங்க. றெக்கை இருக்கிற கிளி," என்றார் அவர். "தங்கச்சிகூடப் பேச்சு நின்னுபோச்சாம். நேர்ல கேக்க வாய் வரலையாம். தினமும் இதைப் போட்டுக் காட்டினா கிளி கத்துக்கும், அதை அனுப்பிச் சொல்ல வைக்கிறேன்னாரு. நான் சிரிச்சிட்டேன். உள்ள தள்ளிடுவேன்னு மிரட்டினாரு."

அன்று மாலையே இருவரும் அத்தை வீட்டுக்குப் போனார்கள், பிளேயரையும் தூக்கிக்கொண்டு. முதல் கனைப்பிலேயே அத்தை துள்ளி எழுந்தாள்.

"இது என் கிளிடி!"

"அத்தை, இது பெரியப்பா."

"அண்ணன் குடுத்தனுப்பின கிளி இப்படித்தான் கனைக்கும். வார்த்தைன்னு ஒண்ணு அது வாயில வந்ததே இல்ல. சளி பிடிச்ச கிளியை என் தலையில கட்டிட்டாரேன்னு போன்ல பிடிபிடின்னு பிடிச்சேன். 'வேற ஏதாவது பேசுதா?'ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். மறுநாளும் அதையே கேட்டாரு. அப்படியே தினமும் பேச ஆரம்பிச்சிட்டோம். பாவம், அந்தக் கிளியை மாட்டு டாக்டர்கிட்டயெல்லாம் கொண்டுபோனேன்."

அவள் பேச்சை நிறுத்தியதும்தான் தட்டின் பேச்சு காதில் விழுந்தது. அத்தை அப்படியே உட்கார்ந்தாள். கடைசிவரை ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மூக்கையும் துடைத்தாள்.

"அப்படி எதுக்குத்தான் சண்டை, அத்தை?"

அத்தை உள்ளே போய்த் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தாள். எல்லோரும் புன்னகைத்துக்கொண்டிருக்க, பெரியப்பா மட்டும் குகைபோல வாயைத் திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்ததே இந்த ஒரு படம்தான், மாப்பிள்ளை," என்றாள் கணவனிடம். "நீங்களே சொல்லுங்க, கோபம் வருமா வராதா?"

பல் டாக்டர் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள். "கடைவாயில ரெண்டு சொத்தை," என்றாள் வருத்தத்தோடு.

அத்தை அதைக் காதில் வாங்கவில்லை. தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மாமாவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் இங்க வாங்க! ஜட்ஜே வாய்விட்டுச் சொல்லியிருக்காரு. நீங்களும் உக்காந்து கேளுங்க, கிளியைவிட நல்லாக் கத்துக்கிறீங்களான்னு பாப்போம்."