பைலட் வீட்டு என்ஜின்

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குத் தெருவில் பைலட் வீடு என்று பெயர். பைலட் என்று சொல்லப்பட்டவர் அக்காவின் மாமனார் ஒருவர்தான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சமிருப்பவர்கள் மொட்டை மாடியைத் தாண்டி உயரம் போனதில்லை. பேச்சு மட்டும் மேகத்துக்குக் கீழே இறங்காது. எங்கள் அப்பா லாரி டிரைவர். அவர் மகளைக் கட்டிக்கொண்டதே பெரிய தருமம் என்று வாய்த்த போதெல்லாம் அக்காவுக்குச் சொல்லிக்காட்டுவார்கள்.

ராணுவம் கழித்துப்போட்ட ஒரு பழைய என்ஜினை மாமனார் ஏலத்தில் எடுத்து வந்து கார் ஷெட்டில் போட்டிருந்தார். "நான் ஓட்டினதோட என்ஜின் இது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாராம். அதில் பெயர்த் தகடு இல்லை, ஆணித் துளைகள்தான் இருந்தன. இப்போது விமான அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைக்கச் சம்மதித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விழா. எந்த விமானத்து என்ஜின் என்று பலகையில் எழுத வேண்டும், அது ஒருவருக்கும் தெரியவில்லை. விமான என்ஜின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பது என் தொழில். அதுவரை 'டிரைவர் பொண்ணு'தான் நான். அத்தானுக்குத் திடீரென்று 'எங்க வீட்டு இன்ஜினீயர்' ஆகிவிட்டேன்.

என்ஜினை ஏற்றிப்போக அப்பாவின் லாரி வேண்டும். விழாவுக்கு அப்பா வேண்டாம். "பெரிய மனுஷங்க வர்ற இடம், அவருக்கே சங்கடமா இருக்கும்" என்றாராம் அத்தான். அக்கா போனில் அழுதாள். "அப்பா முன்வரிசையில உக்காரணும்டி. இந்த ஒண்ணு நடந்தா போதும் எனக்கு."

நான் போனபோது அப்பாவின் லாரி கேட்டுக்கு வெளியே நின்றது. அப்பாவும் வெளியேதான் நின்றார். ஷெட்டில் அத்தான் துணியை இழுத்து என்ஜினைத் திறந்து காட்டினார். வட்டமாக ஒன்பது சிலிண்டர்கள். நடுவில், தச்சரை வைத்துச் செய்த மரப் புரொப்பெல்லர், வார்னிஷ் பளபளக்க. கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

"இதைக் கழட்டணும் அத்தான்."

"அதுதாம்மா அழகே!"

அழகைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். பின்னால் பெரிய இரும்பு ஃபேன் ஒன்று இருந்தது.

"இது எதுக்கு அத்தான்?"

"என்ஜின் சூடாகாம இருக்கத்தான்."

"பறக்கிற என்ஜினுக்கு எதுக்கு ஃபேன்? எதிர்க்காத்து போதாதா?"

அத்தான் துணியை மடிக்க ஆரம்பித்தார். நானே சொன்னேன். விமானத்துக்கென்று செய்த இதே மாதிரி என்ஜினைப் போர்க்காலத்தில் டாங்கியிலும், அதாவது ராணுவப் பீரங்கி வண்டியிலும், மாட்டினார்கள். இரும்புப் பெட்டிக்குள் காற்று ஏது? அதனால்தான் ஃபேன். அதன் நடுவில் கிளட்ச் உட்காரும் இடம். அங்கேதான் தச்சர் புரொப்பெல்லரை முடுக்கியிருந்தார். ஆகாயத்தில் கிளட்ச் மிதித்துப் போன ஒரே பைலட் இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

"மாமா ஓட்டினது இதைத்தான்னா, அவர் ஓட்டினது டாங்கி" என்றேன். தகட்டைப் பிடுங்கியது யார் என்று கேட்கவில்லை.

பின்னால் நின்ற அத்தை, அதாவது அக்காவின் மாமியார், முணுமுணுத்தார்: "எனக்கு அப்பவே சந்தேகம். ஏணியில ஏறினாலே அவருக்குத் தலை சுத்தும்."

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "விமானத்துக்குன்னு செஞ்சதுதானே? விமான என்ஜின்னே எழுதிடும்மா. பொய் இல்லையே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் கையால் சோறு கேட்டார்.

"டாங்கி என்ஜின்னுதான் எழுதுவேன்."

டாங்கி ஓட்டுவது கேவலமில்லை. அந்த இரும்புக்குள் வெந்தபடி ஓட்டிய மனிதரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் டிரைவர் என்று சொல்லக் கூசி, அந்தக் கூச்சத்தையெல்லாம் டிரைவர் மகளின் தலையில் கொட்டினார்களே, அதற்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

ஷெட் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. நேரே கேட்டுக்குப் போய் அதை அகலத் திறந்தாள்.

"அப்பா, உள்ள வாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க முன்வரிசையிலதான் உக்காரணும். மாமாவும் உங்க தொழில்தான்."

அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். என்ஜினைச் சுற்றிப் பார்த்தார். ஃபேனைத் தொட்டார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சம்பந்தியும் டிரைவர்தானா?" என்றார் அத்தையிடம். "அப்பவே சொல்லியிருந்தா, நானும் ஒரு நாள் உள்ள வந்து அவர் கூட உக்காந்து டீ குடிச்சிருப்பேனேம்மா."