திலீபன் சேரின் பின் பம்பர்

எங்கள் காரின் பின் பம்பரைத் தண்ணீர்த் தொட்டித் தூணில் உரசியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் செய்ததை ஒப்புக்கொள்கிற ஆள் நான் ஒருத்திதான். ரிவர்ஸ் எடுக்கும்போது தூண் கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் "தூண்! தூண்! தூண்!" என்று கத்தாமல் இருந்திருந்தால் பிரேக்கை மிதித்திருப்பேன். அவர் போட்ட சத்தத்தில் கால் வேறு எதையோ மிதித்துவிட்டது. இடது மூலையில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து, நடுவில் ஒரு குழியும் விழுந்தது.

என் கணவர் பெயர் திலீபன். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார், வீட்டுக்கு வந்தும் அதை நிறுத்துவதில்லை. ஊரே அவரை 'சேர்' என்றுதான் கூப்பிடும். சேர் காரைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மூணு வருஷமா நான் ஓட்டுறேன். ஒரு கீறல் உண்டா?" என்று கேட்டார். என்னிடம் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டார். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம் கேட்டார். அதுவும் போதாமல் ஹுன்னஸ்கிரியவில் இருக்கும் என் அப்பாவுக்கு போன் போட்டு அவரிடமும் கேட்டார்.

அப்புறம் தீர்ப்பு வந்தது. "பம்பர் பழையபடி ஆகுற வரைக்கும் நீ ஸ்டியரிங்கத் தொடக் கூடாது, கிருஷாந்தி."

நான் பேராதனை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கட்டுகஸ்தோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். கல்யாணம் முடித்த நாளிலிருந்து யாரோ ஒருவரின் குடைக் கம்பி விலாவில் குத்தக் குத்தத்தான் வேலைக்குப் போகிறேன். டிரைவிங் ட்ரயலில் இரண்டு தடவை பெயிலாகி, மூன்றாம் தடவை பாஸாகி, பதினொரு நாள்தான் நானே ஓட்டிக்கொண்டு போனேன். அந்தப் பதினொரு நாளும் விடியற்கால பஸ்ஸுக்கு ஓடாமல் ஆறு மணிக்கு எழும்பினேன், உட்கார்ந்து டீ குடித்தேன். அதைப் போய் ஒரு சாண் கீறலுக்காகப் பறிக்க விடுவேனா?

அடுத்த நாளே அக்குறணையில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் மக்கீன் நானாவிடம் (அண்ணனை அங்கே நானா என்பார்கள்) போனேன், பஸ்ஸில்தான்.

"வேல நெறய ஈக்கிது மிஸ்" என்றார் அவர். "ரெண்டு மாசம் செல்லும்."

"ரெண்டு மாசமா? நான் செத்துருவேன் நானா."

என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "அப்பிடியெண்டா ஒரு வேல செய்ங்க. பம்பரக் கழட்டி, நல்லாக் கழுவி, தேச்சி, குழிக்குப் பட்டி போட்டு, பிரைமரும் அடிச்சிக் கொண்டாங்க. வியாழக்கெழம நான் பெயின்ட் அடிச்சித் தாரேன். ஆனா கைய வெச்சிப் பாப்பேன். நெகம் தட்டிச்செண்டா திருப்பி அனுப்பிருவேன்."

தேய்க்கும் தாள் என்ன நம்பர், குழியை அடைக்கும் பட்டி எந்த டின் என்று அவர் சொல்லச் சொல்லக் கையிலேயே எழுதிக்கொண்டேன். மனதுக்குள் சிரிப்புத்தான் வந்தது. டாக்டர் வந்து கத்தியை வைப்பதற்கு முன்னால் ஆளைக் கழுவி, துடைத்து, தயார்பண்ணிப் படுக்கவைக்கிறது என் வேலை. பதினைந்து வருடமாக அதைத்தானே செய்கிறேன்! என்னிடமா சுத்தத்தைப் பற்றிச் சொல்கிறார்?

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை முற்றத்தில் எதிரெதிரே போட்டு, கழற்றிய பம்பரை அவற்றின்மேல் கிடத்தினேன். கழற்றிய ஆணிகளை எண்ணி ஒரு தட்டில் வைத்தேன். மொத்தம் பதினாறு. சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவி, துடைத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். கையுறை, முகக்கவசம், தலைக்குத் தொப்பி எல்லாம் போட்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "புள்ள, உசுரு இருக்கா?" என்று கேட்டார்.

தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் வெள்ளி நிறம் போனது. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பிரைமர். அதற்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் வர வேண்டும் என்று மக்கீன் நானா சொல்லியிருந்தார். எனக்கு வந்ததோ மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நான் வாங்கி வைத்திருந்த டின்னில் இருந்த அதே பட்டி, காய்ந்து போயிருந்தது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

சேர் டீக் கோப்பையோடு வந்தார்.

"நேத்து முந்தாநாள் நான் இடிச்ச எடத்துல பழைய பட்டி எப்புடி வந்துச்சி?"

அவர் குனிந்து பார்த்தார். "ஜப்பான்ல போட்டுருப்பான்" என்றார். "அங்க ஓடின ரீகண்டிஷன் கார்தானே. அங்கயும் ஆளுங்க இடிக்கத்தான் செய்வாங்க."

கரும்பலகை முன்னால் நின்று சொல்வதைப் போலச் சொன்னதால் நானும் நம்பிவிட்டேன். பாவம் ஜப்பான்காரன் என்று நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். பட்டி, காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி ஒரு துண்டாகக் கழன்று வந்தது. அடியில் பச்சை நிறம் ஒட்டியிருந்தது.

சாதாரணப் பச்சை இல்லை அது. ஹுன்னஸ்கிரியவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து முருகன் கோயில் மயிலுக்கு அப்பாதான் பெயின்ட் அடித்தார். பச்சை போதாமல் மிச்சமிருந்த நீலத்தையும் ஒரு துளி மஞ்சளையும் அவரே கலந்து ஒரு நிறம் செய்தார். மயிலுக்குப் போக மீதியைத் தன் வீட்டு கேட்டுக்கு அடித்தார். உலகத்தில் அந்த நிறம் அந்த மயிலிலும் அந்த கேட்டிலும் மட்டும்தான் இருக்கிறது.

"ஏங்க," என்றேன். "ஜப்பான்ல எந்த முருகன் கோயில்ல இடிச்சாங்களாம்?"

அவர் கோப்பையைப் பம்பர்மேல் வைத்தார்.

"கோப்பைய எடுங்க. அது சுத்தம்பண்ணின எடம்."

எடுத்தார்.

விஷயம் இதுதான். போன தீபாவளிக்கு முந்திய தீபாவளிக்கு அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். கிளம்பும்போது நல்ல மழை. நான் உள்ளே பலகாரம் கட்டிக்கொண்டிருந்தேன், சேர் காரைத் திருப்பி வைக்கப் போனார். நனைந்துகொண்டே திரும்பி வந்து, "மாமா, யாரோ ஒங்க கேட்ட இடிச்சிட்டுப் போயிட்டாங்க!" என்றார். அப்பா உடனே எதிர்வீட்டு சின்னமுத்து மாமாவின் முச்சக்கர வண்டியைத்தான் சந்தேகப்பட்டார். சேர் சும்மா இருந்தாரா? "இந்த த்ரீவீல்காரங்களே இப்புடித்தான் மாமா" என்று எடுத்தும் கொடுத்தார். சின்னமுத்து மாமா கோயிலில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ணினார். அப்பா நம்பவில்லை. நாற்பது வருடம் ஒன்றாகத் தேயிலைக் கொழுந்து எடைபோட்ட இரண்டு பேரும் அன்றிலிருந்து முகம் பார்ப்பதில்லை. செய்தவனே வந்து நிமிர்த்தட்டும் என்று அப்பா கேட்டைக் கோணலாகவே கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

அன்று வீடு திரும்பிய அடுத்த நாள் கார் 'சர்வீஸுக்கு' போய் ஒரு வாரம் கிடந்தது இப்போதுதான் எனக்கு விளங்கியது. அட பாவி மனுசா!

சேர் வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் கார்ச் சாவி. ஈரமான என் உள்ளங்கையில் அதை வைத்தார்.

"இந்தா. இனிமே நீயே ஓட்டு. தெனமும் ஓட்டு. மாமாகிட்ட மட்டும் சொல்லாத கிருஷா. மாப்ளங்கிற மரியாத போயிரும்."

பொய் சொல்ல மாட்டேன், என் விரல்கள் மூடத்தான் பார்த்தன. விடியற்கால பஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தக் குடைக் கம்பியும் வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் கோபம் வந்தது பாருங்கள், தலை கொதித்தது.

"மூணு தடவ ட்ரயல் போயி லைசன் எடுத்துருக்கேன். அந்த உரிமையில சாவி தந்தா வாங்கிக்கிறேன், லஞ்சமா வேணாம். அப்பாகிட்ட நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லவா?"

சாவி திரும்பவும் அவர் கைக்குப் போனது. அதற்குப் பிறகு சேர் தானாகவே தண்ணீர்க் குழாயை எடுத்து, நான் தேய்க்கத் தேய்க்க ஊற்றினார். பச்சையை முழுக்க எடுத்துவிட்டுத்தான் புதுப் பட்டி போட்டேன். காயவைத்து, திரும்பத் தேய்த்து, பிரைமர் அடித்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினேன். கண்ணாடியைத் தடவின மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை பம்பரைக் கொண்டுபோனதும் மக்கீன் நானாவும் அப்படியே கண்ணை மூடித் தடவினார். நகத்தால் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "யாரு மிஸ் தேச்ச?"

"நான்தான்."

"எங்கிட்ட வேலைக்கி வாரீங்களா?"

ஏழு வருடம் முந்தி எனக்கு நல்ல நர்ஸ் என்று பாராட்டிதழ் கொடுத்தார்கள். அன்றைக்குக்கூட இவ்வளவு பெருமையாக இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, புதுப் பெயின்ட் பளபளக்க ஹுன்னஸ்கிரியவுக்குக் கிளம்பினோம். சேர் சாவியை என்னிடம் நீட்டினார், நானும் வாங்கிக்கொண்டேன். தெல்தெனியவைத் தாண்டியதும் அவர் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். "மாமா, ஒரு சின்ன விஷயம்" என்பதற்கு மேல் அவரால் போக முடியவில்லை.

அப்பா கயிற்றை அவிழ்த்துக் கேட்டைத் திறந்தார். டீ வந்தது. முறுக்கு வந்தது. மூன்றாவது முறுக்கில் சேர் சொல்லிவிட்டார், தலையைத் தூக்காமல், முறுக்கைப் பார்த்துக்கொண்டே. "கேட்ட இடிச்சது நான்தான் மாமா. ரிவர்ஸ் எடுக்கிறப்ப."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? அது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமா? வாயைத் திறந்தார், மூடினார், கடைசியில், "ஒங்களுக்கு அடிகிடி ஒண்ணும் படலையே மாப்ள?" என்று கேட்டார். அடக்கிய அத்தனை கோபத்தோடும் என் பக்கம் திரும்பினார். "ஏன்டி, நீதான் தூணுல கொண்டுபோயி இடிச்சியாம்ல? அறிவு இருக்கா ஒனக்கு?"

"அப்பா! கேட்ட ஒடச்சது நானா?"

"நீ சும்மா இரு!"

எழும்பி வாசலுக்குப் போய் நின்றார். கொஞ்ச நேரம் எதிர்வீட்டையே பார்த்தார். பிறகு கையை வாயில் குவித்து, "ஏய் சின்னமுத்து! இங்கிட்டு வா. டீ குடிக்க வா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சின்னமுத்து மாமா வந்தார், உட்காரவில்லை. "யாருன்னு தெரிஞ்சிருச்சா?"

அப்பா கூரையைப் பார்த்தார்.

"நான்தான் மாமா" என்றார் சேர். "மன்னிச்சிருங்க."

சின்னமுத்து மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அன்னைக்கி த்ரீவீல்காரங்கள பத்தி என்னமோ சொன்னீங்களே சேர்?" என்று கேட்டுவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிச்ச முறுக்கையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். நான் பையை எடுத்ததும் அப்பா ஆரம்பித்தார். "மாப்ள, போறப்ப நீங்களே ஓட்டுங்க. பொம்பளப் புள்ள, மல ரோடு, மழ வேற வரும்போல இருக்கு."

சாவி என் கையில்தான் இருந்தது. சேர் கையை நீட்டினால் போதும், அப்பாவே பிடுங்கிக் கொடுத்துவிடுவார். இவ்வளவு பாடுபட்டுத் தேய்த்தது எல்லாம் தண்ணியிலே போய்விடும். வாயைத் திறக்கக் கூடாது, இதை அவர்தான் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சேர் தொண்டையைச் செருமினார்.

"இல்ல மாமா. அவளே ஓட்டட்டும். எனக்கு ரிவர்ஸ் சரியா வராது."

சின்னமுத்து மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அப்பா அவர் முதுகில் தட்டத் தொடங்கினார். சேருக்குக் காது இரண்டும் சிவந்துபோனது. கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்தில் அந்த மனுசனை அவ்வளவு பிடித்தது எனக்கு அன்றைக்குத்தான். அப்பாவுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைத் தேடினேன்.

காரை எடுத்தேன். முற்றத்தில் ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் சின்னமுத்து மாமாவும் நின்றுகொண்டு, ஒருவர் "இங்கிட்டு ஒடி!" என்றும் மற்றவர் "அங்கிட்டு ஒடிம்மா!" என்றும் கத்தி, பிறகு யார் சொன்னது சரி என்று தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். நான் ஜன்னலை ஏற்றிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். கோணல் கேட் காற்றில் ஆடிக் காரில் பட்டுவிடாதபடி இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு திலீபன் சேர் நின்றிருந்தார். அவரைத் தாண்டி, ஒரு முழ இடைவெளி விட்டு, ரோட்டுக்கு வந்து நிறுத்தினேன். அவர் கயிற்றைக் கட்டிவிட்டு ஓடிவந்து இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினார்.