இறந்தவரின் அட்டைக்கு ஒரு கையெழுத்து

1

அகத்தூண்டுதலால் பிறந்த கதை இது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வந்தது வங்கியின் வசூல் பிரிவிலிருந்து. நான் புதிதாக வாங்கிய தொலைபேசி எண் எனக்கு முன்னால் வேறொருவருடையது. அவர் கிரெடிட் கார்டில் பாக்கி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். துக்கம் விசாரிக்க என்னை அழைத்தவர்கள் சொல்லித்தான் எனக்கே அது தெரியும். பாக்கி கேட்டு அழைத்த வங்கிப் பெண்ணிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப நீங்க கட்டுறீங்களா சார்?" என்றாள்.

என்ன தொழில் என்று விசாரித்தாள். எழுத்தாளன் என்றேன். மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டாள். என் வருமானத்தை இத்தனை வேகமாகக் கணித்தவர் என் மாமனாருக்குப் பிறகு அவள்தான்.

2

செத்தவருக்கு ஒரு மனைவியைக் கற்பனை செய்துகொண்டேன். முதல் தொடக்கம்: "வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி"

வேண்டாம். புருஷன் செத்த வீட்டில் எல்லாம் மழை பெய்வது எழுத்தாளர்களின் ஊரில் மட்டும்தான்.

இரண்டாம் தொடக்கம்: அவள் ஒரு தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின், அதைச் சுற்றி வெட்டுத்துணி, கொக்கியில் தொங்கும் பிறத்தியார் சட்டைகள். கணவன் மாரடைப்பில் போய் ஒரு மாதம் ஆகிறது. கடைத்தெருவில் ஓர் அறைக்கு முன்பணம் கொடுக்க அவள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அவள் பெயரில் இருக்கிறது. கதை அந்தக் காசைப் பற்றியது. இது புரிந்தால் போதும், மீதியெல்லாம் வங்கி பார்த்துக்கொள்ளும்.

ஒழுங்கான மனுஷி. கணவனின் அட்டையை முடக்கச் சொல்லி அவளேதான் வங்கியை அழைத்தாள். அங்கே பேசிய இயந்திரம் கணவனின் கைபேசிக்கு ஓர் ஓடிபி அனுப்பியது. கைபேசி அவள் மடியில்தானே கிடந்தது. பார்த்து அழுத்திவிட்டாள். வாடிக்கையாளரே அழைத்துத் தன்னை உறுதி செய்துகொண்டார் என்று வங்கியில் பதிவாகிவிட்டது. அதாவது, செத்தவரே கூப்பிட்டுத் தாம் செத்த சேதியைச் சொல்லியிருக்கிறார்.

இறப்புச் சான்றிதழோடு நேரில் போனாள். "சிஸ்டத்துல சார் உயிரோட இருக்காரே மேடம்" என்றார்கள். வட்டியும் உயிரோடுதான் இருந்தது.

3

வசூல் பிரிவுப் பெண் (என்னை அழைத்தவளையே இங்கும் வேலைக்கு அமர்த்திக்கொண்டேன், சம்பளம் வங்கி தருகிறது) முதல் வாரம் "மேடம்" என்றாள். அடுத்த வாரம் "அக்கா" ஆகிவிட்டது. கடன் கேட்பவர் உறவு கொண்டாட ஆரம்பித்தால் மடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாக்கியை நான் தவணையில் கட்டுகிறேன் என்று எழுதிய ஒரு காகிதத்தில் அக்கா கையெழுத்துப் போட்டால் எல்லாக் குழப்பமும் தீர்ந்துவிடுமாம்.

கொழுந்தன் அதற்கு ஒத்து ஊதினான். நாமெல்லாம் ஒரே குடும்பம், அண்ணன் கடன்காரனாகச் செத்தான் என்று நாலு பேர் பேசக்கூடாது என்றான். அவன் வீட்டு வாஷிங் மெஷின் அண்ணனின் அட்டையில் வாங்கியது. அது அந்த நாலு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் அவர்கள் வாய் திறக்கவில்லை.

(அடிக்குறிப்பு, பொடி எழுத்தில்: ஒரு வக்கீலைக் கேட்டேன். அட்டை கணவன் பெயரில் மட்டும் இருந்தால், அவன் விட்டுப்போன சொத்திலிருந்துதான் வங்கி கேட்கலாமாம். மனைவியின் சொந்தக் காசில் கை வைக்க முடியாது, நான் கட்டுகிறேன் என்று அவளே எழுதிக் கொடுத்தால் ஒழிய. இவன் விட்டுப்போனது உதைத்தாலும் கிளம்பாத ஒரு ஸ்கூட்டர்.)

4

இந்த இடத்தில் அவள் அழுதுகொண்டே கையெழுத்திடுவதாகத் திட்டம். பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். "நடுங்கும் விரல்களால் பேனாவை எடுத்து அவள்"

எடுக்கவில்லை. பொடி எழுத்தைப் படித்துவிட்டாள். ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்கு அடிக்குறிப்பெல்லாம் எம்மாத்திரம்?

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள்.

தெரியும், ஆனால் உன்னிடம் சொன்னால் கதை இரண்டாம் பக்கத்திலேயே படுத்துவிடும் என்று விளக்கினேன்.

"அப்ப நீங்களும் அந்தப் பொண்ணும் ஒரே ஆபீஸா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

5

மறுநாள் கொழுந்தன் காகிதத்தோடு வந்தான். அவள் தைப்பதை நிறுத்தினாள்.

"தம்பி, அண்ணன் பேரைக் காப்பாத்தணும்னா நீங்களே போடுங்க. கூடப் பொறந்தவர்தானே."

"அதெப்படி அண்ணி, நான்தான் தனிக்குடித்தனம் போயிட்டேனே" என்றான் அவன். காகிதத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு, அவசர வேலை இருப்பதாகக் கிளம்பிவிட்டான்.

இங்கே கைதட்டி முடித்திருக்கலாம். ஆனால் அவள் காகிதத்தைக் கிழிக்கவில்லை. அவள் மெஷினில் ஓடும் மோட்டாரும் அதே அட்டையில் வாங்கியதுதான். மிதித்து மிதித்துக் கால் வீங்குகிறது என்று ஒருநாள் சொன்னாள், கணவன் வாங்கி மாட்டிவிட்டான். கடன் என்று மூச்சு விடவில்லை. "பாவி மனுஷன், சொல்லியிருந்தா வேணாம்னிருப்பேனே" என்று மெஷினைப் பார்த்துச் சொன்னாள். அவன்மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவன் இல்லாதது அதைவிடப் பெரிதாக வலித்தது.

மோட்டாருக்கு மட்டும் கட்டுகிறேனே என்று வங்கியைக் கேட்டாள். முதலில் கையெழுத்து அக்கா, பிறகு மற்றது என்றாள் அந்தப் பெண்.

6

கையெழுத்துப் போட்டால் சேர்த்த காசோடு கடைத்தெரு அறையும் கைவிட்டுப் போகும். என் அண்ணி சொக்கத் தங்கம் என்று கொழுந்தன் ஊரெல்லாம் சொல்வான். எனக்கு ஒரு நல்ல சோகக் கதை கிடைக்கும்.

போடாவிட்டால் அவள் கடை திறப்பாள். நாலு பேர் பேசுவார்கள், அவர்களில் இரண்டு பேர் அங்கேயே வந்து ரவிக்கைக்கு அளவு கொடுப்பார்கள். ஒவ்வொரு முறை மோட்டார் ஓடும்போதும் அவளுக்கு உறுத்தும்.

இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. அவளைக் கையெழுத்துப் போடச் சொல்ல ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள், மூன்றாவதாக நான் எதற்கு?

ஆனாலும், என்ன இருந்தாலும் புருஷன் பேராச்சே, போட்டுவிடலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். உங்களுக்காகவே கீழே ஒரு கோடு விட்டிருக்கிறேன். அவள் பெயரை எழுதாதீர்கள், உங்கள் பெயரை எழுதுங்கள். வங்கிக்கு யார் பெயரானாலும் சரிதான்.

இப்படிக்கு,

______________